சென்னையிற் புற்றுநோய் மருத்துவம் — 7: பிளவின் நியதி

அடையாற்றில் 1954ஆம் ஆண்டு ஜூன் மாதம் 18ஆம் தேதி பன்னிரண்டு படுக்கைகளோடு திறக்கப்பட்ட புற்றுநோய் நிலையத்தின் தோற்றத்தையும், அதற்கு மூலகாரணமாயிருந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் இடைவிடாத முயற்சியையும், தம் தங்கையை இந்நோய்க்குப் பறிகொடுத்த துயரம் அவ்வம்மையாரின் உள்ளத்தில் நெடுங்காலம் கனன்றுகொண்டிருந்த வரலாற்றையும் சென்ற அத்தியாயத்தில் சொல்லி முடித்தோம். இனி, மருத்துவமனையின் கட்டடத்தை விட்டு, அங்கே வந்து படுத்தவர்களின் உடலுக்குள்ளே நடந்துகொண்டிருந்த காரியத்தை நோக்க வேண்டும். அந்நிலையத்தின் மருத்துவராகிய டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், எழும்பூர்ப் பெண்கள் மருத்துவமனையில் கிடைத்த அரசாங்க உத்தியோகத்தை விட்டுவிட்டு 1955ஆம் ஆண்டு ஏப்ரலில் அவரோடு வந்து சேர்ந்த மயிலாப்பூர்ப் பெண்மணியாகிய டாக்டர் சாந்தாவும் எதனோடு போரிட்டார்கள் என்பதை அறிந்தாலன்றி, அவர்கள் செய்த போரின் அருமை நமக்கு விளங்காது.

அவர்கள் எதிர்த்து நின்றது வெளியிலிருந்து உடம்புக்குள் புகுந்த பகை அன்று. காலராவுக்கு ஒரு கிருமி உண்டு, காசநோய்க்கு ஒரு கிருமி உண்டு; அவற்றைக் கண்டுபிடித்து அழித்தால் நோயாளி பிழைக்கிறார். புற்றுநோயிலோ, நோயாளியின் சொந்த உயிரணுவே, நேற்றுவரை கன்னத்தின் உட்புறத்திலோ கருப்பையின் வாயிலிலோ தன் கடமையைச் செய்துகொண்டு அடங்கியிருந்த அதே உயிரணுவே, ஒரு நாள் அடக்கத்தைத் துறந்து பெருகத் தொடங்குகிறது. உயிரணு ஒவ்வொன்றும் முன்னிருந்த ஓர் உயிரணுவிலிருந்தே பிறக்கிறது என்று ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்கோ 1850களில் பிரகடனம் செய்தபோதே, புற்றும் அவ்விதமே நம்முடைய சொந்த வம்சத்தில் தோன்றியது என்னும் உண்மை அதனுள் அடங்கியிருந்தது. வால்டர் ஃப்ளெமிங் என்பவர் சாயமேற்றிய உயிரணுக்களைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்து, பிளவின் வேளையில் உட்கருவினுள்ளே நூல்போன்ற உருவங்கள் திரண்டு, நீளவாக்கிற் பிளந்து, இரு புறமும் சரிபாதியாகப் பிரிந்துபோவதை 1882இல் ஒரு நூலாகவே எழுதி வெளியிட்டார். அந்நூலுருவங்களே பின்னர் குரோமோசோம்கள் எனப் பெயர் பெற்றன.

இவ்விருவரையும்விட நம் விஷயத்துக்கு நெருங்கியவர் தியோடார் பொவேரி. கடல் முள்ளெலியின் முட்டைகளை ஒரே சமயத்தில் இரு விந்தணுக்களால் கருவுறச் செய்து, குரோமோசோம்கள் ஒழுங்கின்றிப் பங்கிடப்பட்டால் உயிரணு எவ்வாறு கெடுகிறது என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த இவர், 1914இல் வெளியிட்ட ஒரு சிறு நூலில், புற்று என்பது குரோமோசோம்களின் ஒழுங்கு குலைந்த ஒற்றை உயிரணுவின் சந்ததியே என்றும், பிளவைத் தடுக்கும் உறுப்புகள் அக்குரோமோசோம்களில் இருத்தல் வேண்டும், அவை தொலைந்துபோனால் உயிரணு தடையின்றிப் பெருகும் என்றும் எழுதினார். மறு ஆண்டே அவர் காலமானார். அவர் ஊகித்த தடுக்கும் உறுப்புகளை உலகம் கண்ணாற் காண்பதற்கு எழுபது ஆண்டுகளுக்கு மேல் சென்றன. விஞ்ஞான சரித்திரத்தில் இத்துணை கூர்மையான ஊகம் இத்துணை நாள் கவனிப்பாரற்றுக் கிடந்தது அரிதென்றே எனக்குத் தோன்றுகிறது.

அடையாற்று நிலையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்ட காலத்தை ஒட்டியே, இலண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் அல்மா ஹோவர்ட் என்னும் அம்மையாரும் ஸ்டீஃபன் பெல்க் என்பவரும் மொச்சை இனத்துச் செடியின் வேர்நுனிகளுக்குக் கதிரியக்கமுள்ள பாஸ்வரத்தை ஊட்டி, உயிரணு தன் டி.என்.ஏ.வை எப்போது இரட்டிப்பாக்கிக்கொள்கிறது என்று நோக்கினார்கள். அதுவரை, உயிரணு பிளவதற்கும் மறுபடி பிளவதற்கும் இடையே சும்மா இளைப்பாறுகிறது என்பதே பொது அபிப்பிராயம். உண்மை வேறாயிருந்தது. ஒரு பிளவு முடிந்தபின் உயிரணு முதலிலே வளர்ந்து சித்தமாகும் ஒரு காலம், அதன்பின் டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் ஒரு காலம். படியெடுத்ததைச் சரிபார்த்து ஆயத்தமாகும் மற்றொரு காலம். இறுதியில், ஃப்ளெமிங் கண்ட அந்தப் பிளவு. இவ்வாறு நான்கு பருவங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன என்று 1953இல் அவர்கள் தெளிவுபடுத்தினார்கள்.

மயிலையில் பங்குனிப் பெருவிழாவின்போது கபாலீசுவரரின் தேர் நான்கு மாட வீதிகளையும் சுற்றி நிலைக்கு வருவதைக் கண்டவர்களுக்கு இந்த நான்கு பருவங்களையும் விளக்குவது எளிது. வடம் பிடிப்பவர்கள் ஆயிரக்கணக்கானோர். தேரை நகர்த்தும் சக்தி அவர்களுடையது. ஆனால் சக்கரத்தடியிலே குனிந்து நின்று, வேண்டிய இடத்தில் வேண்டிய கணத்தில் முட்டுக்கட்டையைச் செருகுகின்ற சிலர் இல்லாவிட்டால், தேர் திருப்பத்திலே திரும்பாது, நிற்க வேண்டிய இடத்தில் நில்லாது. உயிரணுவிலும் வடம் பிடிப்பவை உண்டு, முட்டுக்கட்டை போடுபவையும் உண்டு. வளர்ச்சியை ஏவும் சைகைகள் வடத்தை இழுக்கின்றன. ஒவ்வொரு வீதியின் கோடியிலும், கடந்து வந்த பருவத்தின் வேலை குறையறச் செய்யப்பட்டதா என்று பார்த்து, குறை இருந்தால் மேற்கொண்டு செல்லவொட்டாமல் நிறுத்துகின்ற காவல் அமைந்திருக்கிறது. இந்தக் காவலின் விவரங்களைக் கண்டறிந்த வரலாறே இவ்வத்தியாயத்தின் பொருள்.

அதற்கு முன்னர், காவலைப் பற்றி எதுவுமே தெரியாத காலத்தில், மருத்துவர்கள் கையாண்ட ஆயுதங்களைச் சொல்ல வேண்டும். அவற்றுள் மிகச் சிறந்த ஒன்று சென்னை நகரத்தோடு நெருங்கிய சம்பந்தம் உடையது.

பீமவரத்திற் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடையிலேயே அறுவைச் சிகிச்சை வகுப்புக்குச் சென்றமையால் ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக எல்.எம்.எஸ். என்னும் தாழ்ந்த பட்டத்தையே அவர் பெற நேர்ந்தது. அவருடைய சகோதரர் இருவர் எட்டு நாள் இடைவெளிக்குள் ஸ்ப்ரூ என்னும் வயிற்றுப்போக்கு நோயால் மாண்டனர். அவரையும் அந்நோய் பீடித்தது. டாக்டர் லட்சுமிபதியின் ஆயுர்வேத சிகிச்சையால் உயிர் பிழைத்த அவர், சிறிது காலம் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்துவிட்டு, 1922 அக்டோபரில் பாஸ்டன் நகரை அடைந்தார். இருபது ஆண்டுகளுக்குப் பின் நியூயார்க்கை அடுத்த லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அவர் தலைமையின்கீழ் ஆராய்ந்தவர்கள் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகவே ஆக்கி முடித்தனர். சுப்பாராவின் சகோதரரைக் கொன்ற ஸ்ப்ரூவின் சோகைக்கு மருந்தாகக் கூடிய பொருளே அது.

ஃபோலிக் அமிலம் உயிரணுவுக்கு ஏன் வேண்டும்? டி.என்.ஏ.வைப் படியெடுப்பதற்கு வேண்டிய நான்கு எழுத்துப்பொருள்களில் ஒன்றாகிய தைமினைச் செய்வதற்கு அது இன்றியமையாதது. இரண்டாம் பருவத்தின் அடிப்படைச் சரக்குகளில் அதுவும் ஒன்று என்று சொல்லலாம். பாஸ்டனில் குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கு வழி தேடிக்கொண்டிருந்த டாக்டர் சிட்னி ஃபார்பர், ஃபோலிக் அமில வகையைக் கொடுத்தபோது நோய் தணிவதற்குப் பதிலாக வேகமெடுத்ததைக் கண்டார். மனம் கலங்கச் செய்யும் அந்த அனுபவத்திலிருந்தே அவர் மறுதலையாகச் சிந்தித்தார்: இதனை ஒத்த உருவமும் இதற்கு மாறான குணமும் உடைய ஒரு பொருளைக் கொடுத்தால் என்ன? அப்பொருளைச் செய்து அனுப்பியது சுப்பாராவின் ஆய்வுக்கூடம். அமினாப்டெரின் என்னும் அம்மருந்து பதினாறு குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டு, அவர்களுள் பத்துப் பேரிடம் நோய் பின்வாங்கியது என்ற செய்தி 1948 ஜூன் மாதத்தில் வெளியாயிற்று. அந்நலம் சில மாதங்களே நீடித்தது. ஆயினும், ஒரு மருந்தினால் இந்நோய் சற்றேனும் விலகும் என்பது அதுவரை எவரும் கண்டிராத அற்புதம். அதே ஆண்டு ஆகஸ்டில், ஐம்பத்து மூன்று வயதில், சுப்பாராவ் நியூயார்க்கில் இறந்தார். அமினாப்டெரினுக்கு அடுத்து வந்த மெதோட்ரெக்ஸேட் இன்றளவும் உலகத்து மருத்துவமனைகளில் எல்லாம் வழங்குகிறது. இவருக்குச் சென்னையில் கிடைக்க வேண்டிய கௌரவம் கிடைக்கவில்லை என்பதே என் திடமான கருத்து.

இரண்டாம் பருவத்தை மறிப்பது மெதோட்ரெக்ஸேட் என்றால், நான்காம் பருவத்தை மறிக்கும் மருந்து நம் வீட்டு முற்றங்களிலேயே பூத்துக் கிடந்தது. நித்தியகல்யாணிச் செடியின் இலையிலிருந்து 1950களின் பிற்பகுதியில் கானடாவிலும் அமெரிக்காவிலும் பிரித்தெடுக்கப்பட்ட வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்னும் சத்துகள், பிளவின்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுத்துச் செல்லும் மெல்லிய இழைகள் உருவாகாதபடி செய்துவிடுகின்றன. குரோமோசோம்கள் நடுவரிசையில் வந்து நின்றபடியே நின்று, உயிரணு மடிகிறது. நீரிழிவுக்கு மருந்தாகுமா என்று பார்க்கப்போய்க் கிட்டிய பலன் இது. திருநெல்வேலி, இராமநாதபுரச் சீமையின் வறண்ட நிலங்களில் இச்செடியைப் பயிரிட்டு வேரையும் இலையையும் அயல்நாடுகளுக்கு ஏற்றுமதி செய்யும் வியாபாரம் இதன்பின் வளர்ந்தது.

அடையாற்று நிலையத்தில் 1950களின் பிற்பகுதியில் நிறுவப்பட்ட கோபால்ட்-60 இயந்திரத்தின் கதிரும் இதே நியதிக்கு உட்பட்டதே. பிளந்துகொண்டிருக்கும் உயிரணுக்களையே கதிர்வீச்சு மிகுதியாகத் தாக்குகிறது என்பதைப் பெர்கோனியே, ட்ரிபோண்டோ என்னும் பிரெஞ்சுக்காரர் இருவர் 1906லேயே கண்டு சொல்லியிருந்தனர். மருந்தும் கதிரும் தலைமயிரை உதிர்ப்பதும், வாயைப் புண்ணாக்குவதும், இரத்தத்தை வற்றச் செய்வதும் இதனாலேதான். மயிர்க்கால்களும், வாயின் உட்தோலும், எலும்பு மச்சையும் ஆரோக்கிய நிலையிலேயே ஓயாது பிளந்துகொண்டிருப்பவை. ‘மருந்து சாப்பிட்டதால் அல்லவா மேலும் கெட்டது’ என்று அஞ்சிச் சிகிச்சையைப் பாதியில் விட்டு ஊர் திரும்பியவர்களுக்கு இந்த விவரத்தை அவர்கள் அறிந்த மொழியில் எடுத்துச் சொல்ல ஆளிருந்திருந்தால் எத்தனை உயிர்கள் தங்கியிருக்கும் என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. மருந்தையும் கதிரையும் தக்க முறையில் இணைத்துக் கன்னப்புற்றைத் தீர்க்கும் முறையைக் கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் பல ஆண்டுகள் பொறுமையாகப் பரிசோதித்து, 1971இல் அமெரிக்க ‘ரேடியாலஜி’ இதழில் அதன் பலன்களை வெளியிட்டார்கள். வெற்றிலைப் புகையிலையால் வாயில் புற்று வைத்த ஏழைகளே அவர்கள் கவனித்த நோயாளிகளுள் பெரும்பாலோர்.

நான் குடியிருக்கும் கோடம்பாக்கத்திலிருந்து அடையாறு ஐந்து மைல் தொலைவுக்கு மேல் இராது. ஏவி.எம். படப்பிடிப்பு நிலையம் 1948இல் காரைக்குடியை விட்டு இப்பக்கம் வந்த பிறகு, தமிழ்நாட்டின் கனவுகளெல்லாம் இங்கேதான் உருவாயின. 1961ஆம் ஆண்டில் பீம்சிங் இயக்கத்தில் வெளிவந்த ‘பாலும் பழமும்’ படத்தில், சிவாஜி கணேசன் புற்றுநோய்க்கு மருந்து காண்பதையே வாழ்வின் இலட்சியமாகக் கொண்ட ஒரு மருத்துவராக நடித்தார். இல்லறமும் கண்பார்வையும்கூட அந்த இலட்சியத்தின் பாதையிற் பலியாகும் அக்கதையைக் கண்டு கண்ணீர் விட்ட இலட்சக்கணக்கான மக்களுக்கு, இந்நோய்க்கும் ஒரு மருந்து வரும், அதை ஒரு தமிழ் மருத்துவனும் காணலாம் என்ற நம்பிக்கையைத் திரைப்படம் ஊட்டியது. வந்தவர்கள் இறக்கத்தானே போகிறார்கள், இதற்கென்று தனி மருத்துவமனை ஏன் என்று முத்துலட்சுமி அம்மையாரிடமே அதிகாரத்திலிருந்தவர்கள் கேட்ட காலத்துக்குச் சில ஆண்டுகளே பிந்திய காலம் அது. ஆதலால் அந்த நம்பிக்கையை நான் சிறிதென்று கருதமாட்டேன். ஆனால், ஒரே மருந்து, ஒரே மனிதர், ஒரே இரவில் வெற்றி என்ற அமைப்பிலே உண்மை வரவில்லை.

அதே 1961இல் ஃபிலடெல்ஃபியாவில் லெனார்ட் ஹேஃப்ளிக்கும் பால் மூர்ஹெட்டும், ஆய்வுக்கூடக் கண்ணாடியில் வளர்த்த சாதாரண மனித உயிரணுக்கள் ஏறத்தாழ ஐம்பது முறை பிளந்தபின் தாமே நின்றுவிடுகின்றன என்று அறிவித்தனர். அவ்வாறு நில்லாமல், எத்தனை முறையும் பிளந்துகொண்டே போகும் உயிரணுக்களும் அக்காலத்து ஆய்வுக்கூடங்களில் இருந்தன. அவற்றுள் பெயர் பெற்றது ஹீலா. பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு 1951ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வந்த ஹென்ரியட்டா லாக்ஸ் என்னும் ஏழை நீக்ரோ இனத்துத் தாயின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து, அவருடைய சம்மதத்தைக் கேளாமலே எடுக்கப்பட்டவை அவை. அவ்வாண்டு அக்டோபர் 4ஆம் தேதி, முப்பத்தொன்றாம் வயதில் அவர் இறந்தார். அவருடைய உயிரணுக்கள் இன்றுவரை பிளந்துகொண்டிருக்கின்றன. அடையாற்றின் பெண்கள் படுக்கைகளை நிரப்பிய நோயும் அதே கருப்பைவாய்ப் புற்றுத்தான் என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

ஹீலா உயிரணுக்களைக் கொண்டே பிளவின் நியதியை முதன்முதலாகத் தெளிவுறக் காட்டியவர்களுள் ஒருவர் இந்தியாவிலிருந்து சென்ற பி. என். ராவ். உயிரணுக்களையெல்லாம் ஒரே பருவத்தில் ஒன்றுசேர நிறுத்தினாலன்றி அவற்றின் வேற்றுமையை ஆராய முடியாது. மயக்க மருந்தாகப் பயன்படும் நைட்ரஸ் ஆக்ஸைடு என்னும் சிரிப்பு வாயுவை அதிக அழுத்தத்தில் செலுத்தி, உயிரணுக்களைப் பிளவின் கட்டத்திலேயே நிறுத்திவைக்கும் உபாயத்தை அவர் 1968இல் கண்டறிந்தார். பின்னர் ராபர்ட் ஜான்சன் என்பவருடன் சேர்ந்து, வெவ்வேறு பருவங்களிலிருந்த இரண்டு உயிரணுக்களை ஒன்றாக இணைத்து ஓருடலாக்கிப் பார்த்தார். 1970இல் ‘நேச்சர்’ இதழில் வந்த அவர்களுடைய கட்டுரையின் சாரம் வியக்கத்தக்கது. படியெடுத்துக்கொண்டிருக்கும் உயிரணுவை, இன்னும் படியெடுக்கத் தொடங்காத முதற்பருவத்து உயிரணுவோடு இணைத்தால், பின்னதும் தன் வேளை வருமுன்பே படியெடுக்கத் தொடங்கிற்று. படியெடுத்து முடித்த மூன்றாம் பருவத்து உயிரணுவோடு இணைத்தாலோ, அது மறுமுறை படியெடுக்க மறுத்ததோடு, தோழமை உட்கரு தன் வேலையை முடிக்கும்வரை பிளவுக்குச் செல்லாமல் காத்து நின்றது. பிளந்துகொண்டிருக்கும் உயிரணுவோடு எதை இணைத்தாலும், அதன் குரோமோசோம்கள் ஆயத்தமோ இல்லையோ, உடனே திரளத் தொடங்கின.

ஆக, ‘படியெடு’, ‘பொறு’, ‘பிளவு கொள்’ என்னும் கட்டளைகள் உட்கருவிற்குள் மட்டும் அடைபட்டிருக்கவில்லை. உயிரணுவின் உடலில் கரைந்து பரவியிருக்கும் ஏதோ பொருள்களே அக்கட்டளைகளைச் சுமந்து செல்கின்றன. அவை எவை என்ற கேள்வியை ராவும் ஜான்சனும் எழுப்பினார்கள். விடை காண்பதற்கு வேறு மூவர் வேறு மூன்று ஜீவன்களிடம் சென்றார்கள்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் லீலண்ட் ஹார்ட்வெல், ரொட்டி மாவையும் ஆப்ப மாவுக்கு ஊற்றும் கள்ளையும் நுரைக்கச் செய்யும் அற்ப ஜீவியாகிய ஈஸ்டை எடுத்துக்கொண்டு, சற்றே வெப்பத்தை உயர்த்தினால் பிளவின் நடுவில் நின்றுவிடும் பிறழ்வுடைய வகைகளை நூற்றுக்கணக்கில் பிரித்தெடுத்தார்; ஒவ்வொன்றும் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைக் கொண்டு, எந்த மரபணு எந்தத் திருப்பத்தைக் காக்கிறது என்று வகுத்தார். டி.என்.ஏ. ஊறுபட்டால் பிளவு தானாக நிறுத்தப்படுகிறது என்னும் காவல் முறையை விளக்கிக் காட்டியவரும் அவரே. எடின்பரோவில் பால் நர்ஸ், ஆப்பிரிக்கத் தினை மதுவிலிருந்து முதலிற் கிடைத்த வேறொரு வகை ஈஸ்டில், வளருமுன்பே அவசரப்பட்டுப் பிளந்து குள்ளமாகிப்போகும் உயிரணுக்களைக் கண்டார். அவசரப்படுவது சாத்தியமென்றால், அவசரத்தைத் தடுப்பதென்று ஒன்று உயிரணுவில் இருத்தல் வேண்டும் என்று ஊகித்து அந்த வழியே சென்று, பிளவை ஆளும் தலைமை மரபணு ஒன்றை அடைந்தார். 1987இல் அவரும் மெலனி லீ அம்மையாரும் மனிதனிடமுள்ள அதே மரபணுவை எடுத்து, தன் சொந்த மரபணு பழுதுபட்ட ஈஸ்டினுள் செலுத்தியபோது, ஈஸ்ட் ஒழுங்காகப் பிளந்து பிழைத்துக்கொண்டது. ஈஸ்டும் மனிதனும் வம்சாவளியிற் பிரிந்து ஏறத்தாழ நூறு கோடி ஆண்டுகள் ஆகியும், இந்த ஒரு கருவி இருவருக்கும் பொதுவாகவே நிலைத்திருக்கிறது.

மூன்றாமவர் டிம் ஹண்ட். 1982ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்கக் கடற்கரை ஊராகிய வுட்ஸ் ஹோலில், பொவேரி ஆராய்ந்த அதே கடல் முள்ளெலியின் முட்டைகளில் ஒரு புரதம் மெல்ல மெல்லத் திரண்டு, ஒவ்வொரு பிளவின்போதும் திடீரென மறைந்து, மறுபடியும் திரள்வதைக் கண்டார். அதற்குச் சைக்ளின் எனப் பெயரிட்டார். நர்ஸ் கண்ட மரபணுவின்படி உருவாகும் நொதி தனித்து நின்றால் செயலற்றது. சைக்ளின் வந்து சேர்ந்தாலே அது விழித்துத் தன் வேலையைச் செய்யும். சைக்ளின் அழிந்ததும் மீண்டும் துயில் கொள்ளும். ராவும் ஜான்சனும் கட்டளையைச் சுமப்பதாகச் சொன்ன பொருள்களுள் முதன்மையானவை இந்த ஜோடிகளே. 2001ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு ஹார்ட்வெல், ஹண்ட், நர்ஸ் மூவருக்கும் வழங்கப்பட்டது. ராவின் பெயரை அறிந்தவர்கள் இந்நாட்டில் மிகச் சிலரே.

இனி புற்றுக்கு வருவோம். கோழியின் தசைப்புற்று ஒரு நுண்கிருமியால் பரவுகிறது என்று 1911இல் பெய்டன் ரௌஸ் காட்டியதும், அக்கிருமியிடமிருந்த புற்று மரபணு உண்மையில் கோழியின் சொந்த உயிரணுவிலிருந்தே திருடிச் செல்லப்பட்டது என்று 1976இல் பிஷப்பும் வார்மஸும் நிரூபித்ததும் தனி வரலாறு. வடம் பிடிப்பவை வெறி கொண்டால் என்ன நேரும் என்பதற்கு அவை சாட்சி. ஆனால் பொவேரி தேடிய தடுக்கும் உறுப்புகள் எங்கே? குழந்தைகளின் விழித்திரையில் தோன்றும் புற்றைக் கணக்கிட்டு நோக்கிய ஆல்ஃபிரட் நுட்ஸன், தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வந்த இரண்டு பிரதிகளும் கெட்டாலே நோய் உண்டாகும் என்ற முடிவுக்கு 1971இல் வந்தார். அந்த மரபணுவே 1986இல் கைக்கு எட்டியது. ஆர்.பி. என்று சுருக்கமாக வழங்கும் அதன் புரதம் முதற்பருவத்தின் கோடியில் நின்று, சைக்ளின் ஜோடிகள் முறைப்படி வந்து அகற்றும்வரை வழிவிடாது. 1979இல் கண்டறியப்பட்டு, பத்தாண்டுக் காலம் புற்றை வளர்ப்பது என்றே தவறாகக் கருதப்பட்ட பி53 என்னும் மற்றொரு புரதமோ, டி.என்.ஏ. சேதமடைந்த செய்தி வந்ததும் பயணத்தை நிறுத்தி, சேதம் செப்பனிட முடியாததாயிருந்தால் அந்த உயிரணுவையே மாய்த்துக்கொள்ளச் செய்கிறது. மனிதருக்கு வரும் புற்றுகளுள் ஏறத்தாழ பாதியில் பி53 பழுதுபட்டிருக்கக் காண்கிறார்கள்.

ஹென்ரியட்டா லாக்ஸின் உயிரணுக்களிலோ இவ்விரு மரபணுக்களும் பழுதின்றியே இருந்தன. இருந்தும் அவை ஏன் நிற்கவில்லை? ஹைடல்பர்க் நகரத்து ஹரால்ட் சூர் ஹௌஸன், கருப்பைவாய்ப் புற்றிலிருந்து மனிதப் பாப்பிலோமா நுண்கிருமியின் பதினாறாம் வகையையும் பதினெட்டாம் வகையையும் 1983, 1984ஆம் ஆண்டுகளில் பிரித்தெடுத்தபோது, ஹீலாவின் குரோமோசோம்களுக்குள்ளே அப்பதினெட்டாம் வகை குடியேறியிருப்பது தெரியவந்தது. இந்நுண்கிருமி தன்னைப் பெருக்கிக்கொள்ளப் பிளந்துகொண்டிருக்கும் உயிரணு வேண்டும். ஆகவே தன் வசமுள்ள ஈ7 என்னும் புரதத்தால் ஆர்.பி.யையும், ஈ6 என்னும் புரதத்தால் பி53ஐயும் பற்றி ஒழித்துவிடுகிறது. முட்டுக்கட்டைகள் இரண்டும் ஏககாலத்தில் பிடுங்கப்படுகின்றன. பெரும்பாலான பெண்களின் உடல் இக்கிருமியை ஓரிரு ஆண்டுகளில் தானே விரட்டிவிடுகிறது. விரட்டப்படாமல் தங்கிவிட்டாலும், புற்றாக முற்றுவதற்குப் பல ஆண்டுகள், சிலரிடம் இருபது ஆண்டுகள்கூட ஆகின்றன. நியதி குலைந்தவுடனே புற்று வந்துவிடுவதில்லை. குலைந்த உயிரணுக்கள் மேலும் பல பிறழ்வுகளைச் சேர்த்துக்கொள்ள அவகாசம் தேவைப்படுகிறது. அந்த அவகாசமே மருத்துவனுக்குக் கிடைக்கும் சந்தர்ப்பம்.

1961இல் திரையரங்கில் கண்ணீர் விட்ட சென்னைப் பெண்களுள் எத்தனை பேரிடம் அந்த நீண்ட அவகாசம் அப்போது சந்தடியின்றி ஓடிக்கொண்டிருந்ததோ! இரத்தக் கசிவையும் வெள்ளைப்படுதலையும் வெளியே சொல்ல நாணி, சொன்னாலும் வயதின் கோளாறென்று வீட்டார் தள்ளிவிட, கடைசியில் வலி பொறுக்க மாட்டாமல் அடையாற்றுக்கு வந்தவர்களைப் பற்றி டாக்டர் சாந்தா தம் வாழ்நாள் முழுதும் பேசினார். 1982ஆம் ஆண்டு முதல் சென்னை மாநகரில் தோன்றும் புற்றுகளையெல்லாம் வீடுவீடாக, மருத்துவமனை மருத்துவமனையாகத் தேடித் திரட்டும் பதிவேடு ஒன்று அடையாற்று நிலையத்தில் எழுதப்பட்டு வருகிறது. அதன் தொடக்க ஆண்டுகளில் பெண்களைத் தாக்கிய புற்றுகளுள் முதலிடம் கருப்பைவாய்ப் புற்றுக்கே. ஆண்டுகள் செல்லச் செல்ல அது படிப்படியாக இறங்கி, மார்பகப் புற்று ஏறி, முதலிடம் பின்னதற்குப் போயிற்று. கருப்பைவாய்ப் புற்றுக்கெதிரான தடுப்பூசி இந்நகரத்துப் பெண்குழந்தைகளை எட்டுமுன்பே இந்த இறக்கம் தொடங்கிவிட்டது என்பது கவனிக்கத் தக்கது. பெண்கள் பிந்தி மணம் செய்துகொண்டதும், பிள்ளைப்பேறு குறைந்ததும், தண்ணீரும் சுகாதாரமும் பெருகியதும் இதற்குக் காரணம் என்பர்.

மெதோட்ரெக்ஸேட்டையும் வின்கிரிஸ்டினையும் ஏனைய மருந்துகளோடு கால அட்டவணை வகுத்து ஒன்றாகச் செலுத்தும் ஒரு முறையை, 1980களின் நடுவில் அடையாறும் பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையும் தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகமும் ஒரே விதமாக ஏற்றுக்கொண்டன. அதற்கு முன் இரத்தப் புற்று வந்த இந்தியக் குழந்தைகளுள் நோய் மீளாமல் தப்பியவர்கள் மிகச் சொற்பம்; அம்முறை வந்தபின், ஏறத்தாழ பாதிக் குழந்தைகளேனும் பிழைக்கத் தொடங்கினார்கள். இரண்டாம் பருவத்தில் சிக்காத உயிரணு நான்காம் பருவத்தில் சிக்கும் என்பதே அவ்வட்டவணையின் அடிப்படை. சைக்ளின் ஜோடியையே நேரடியாகத் தடுக்கும் பால்போசிக்ளிப் என்னும் மாத்திரை 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, இன்று சென்னையிலும் முற்றிய மார்பகப் புற்றுக்கு எழுதித் தரப்படுகிறது. ஈஸ்டிலும் கடல் முள்ளெலியிலும் கண்ட செய்தி நோயாளியின் கைக்கு மாத்திரையாக வந்து சேர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

பதிவேட்டை எழுதுவதற்காக நகரத்தின் சந்து பொந்துகளிலெல்லாம் அலைந்த ஊழியர்களைப் பற்றியும், இடுகாட்டுப் பதிவுகளிலிருந்தும் மரணச் சான்றிதழ்களிலிருந்தும் அவர்கள் நோயாளிகளைத் தேடிப் பிடித்த விதத்தைப் பற்றியும் அடுத்த அத்தியாயத்தில் எழுதுவேன்.

(தொடரும்)